வடக்குச் சுவரில் ஓர் ஒட்டு

துபாஷி மாளிகையின் வாசலில் பதித்திருக்கும் கருங்கல்லில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. சித்தாளின் பெயர் இல்லை. திறந்துவைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தலைமை தாங்கியவர் பெயர் அதைவிடச் சற்றே சிறிய எழுத்தில். முன்னிலை வகித்தவர்கள் ஒன்பது பேர். முன்னால் நின்றார்கள், வேறொன்றும் செய்யவில்லை, நின்றதற்கே கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. அதன்பின் கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்தக்காரர், மரவேலை செய்தவர், மின்வேலை செய்தவர், கடைசி வரியில் கொத்தனார் சௌந்தரராசன் மேஸ்திரி. அதோடு கல் முடிந்துவிடுகிறது. நாட்டில் எந்தக் கல்லும் மேஸ்திரியோடுதான் முடிகிறது. சித்தாள்வரை எட்டுகிற நீளத்துக்குக் கல்லை இன்னும் எவரும் வெட்டவில்லை. விட்டுப்போனவர்கள் ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தியான கஸ்தூரி, முப்பத்தெட்டு வயது, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிற்பகல் மூன்று மணிக்குத் தன் இரண்டு பெண்களோடு அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சின்னவள் மதுமிதா எழுத்துக்கூட்டிப் பதினேழு பெயர்களையும் படித்துமுடித்துவிட்டு, கல்லின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஒம் பேரு எங்க?” “உள்ள இருக்கு, வா” என்றாள் கஸ்தூரி. சொன்ன பிறகுதான் அது பொய்யா உண்மையா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பெரியவள் தர்ஷினி, பதின்மூன்று வயது, கல்லைப் பார்க்காமல் வாசலைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

வந்தது பள்ளிக்கூடத்தின் உத்தரவால். நம் ஊரின் பழமையான இல்லம் ஒன்றைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிவர வேண்டும், பத்து மதிப்பெண். தர்ஷினி இதைச் சித்தியிடம் சொல்லி, சித்தி கஸ்தூரியிடம் சொல்லி, “துபாஷி வீட்டுக்கு நானே கூட்டிப்போறேன், அந்த வீட்ட எனக்குத் தெரியாதா” என்று கஸ்தூரி வாயை விட்டாள். விட்ட நிமிடத்திலிருந்து நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தாள். காலையில் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். காலை வெளிச்சம் தெற்கு ஜன்னல்கள் வழியாக வரும், எதிர்ச்சுவரில் நேராக விழும், ஒன்றும் காட்டிக்கொடுக்காது. தர்ஷினிக்குக் காலையில் டியூசன் வந்துவிட்டது. பிற்பகல் என்றால் மேற்கு ஜன்னல். நான்கு மணிக்கு மேல், அதுவும் தை மாதத்தில், வெயில் தென்மேற்காகச் சாய்ந்து மாடிக் கூடத்தின் வடக்குச் சுவரை ஒட்டி நீளவாட்டில் தடவிக்கொண்டு போகும். தடவுகிற வெளிச்சத்துக்குத் தப்பிய சுவர் இல்லை. நேர்வெளிச்சத்தில் கண்ணாடிபோல் நிற்கும் பூச்சில் ஒரு மேடு, ஒரு பள்ளம், தேய்க்கிற கூழாங்கல் ஒருமுறை தவறிப்போன இடம், எல்லாம் அந்த நேரத்தில் எழுந்துவரும். அவளுடைய ஒட்டும் எழுந்துவரும். வந்திருக்குமா? இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. சுண்ணாம்பு கெட்டிப்பட கெட்டிப்பட ஒட்டு வெளியே வரும் என்று கூட வேலை செய்த பாப்பாத்தி சொல்வாள். வராமலும் போகலாம் என்று இன்னொரு சித்தாள் அஞ்சுகம் சொல்வாள். மேஸ்திரி ஒன்றுமே சொல்லமாட்டார், அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஏழு பேரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நான்கு மணிக்கு முன்பு மேலே போய், சுவரைக் காட்டி, இது அம்மா தேய்த்தது என்று ஒருமுறை சொல்லி, இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு சுவர், அதைப் பெரியவளுக்குப் பழுதில்லாமல் காட்டிவிட வேண்டும்.

ஆனால் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் இறங்காத ஆழம் இல்லை. முதல் அறையில் பல்லக்கு இருந்தது. மதுமிதா அதைச் சுற்றி நான்குமுறை வந்தாள், இதற்குள் தூங்கலாமா, பிரேக் எங்கே, தூக்குகிறவன் தும்மினால் என்ன ஆகும் என்று கேட்டாள். வழிகாட்டியாக வந்த பெண் பெனாசிர், நாகூர்க்காரி, இருபத்திரண்டு வயதிருக்கும், கேள்விக்குச் சளைக்காதவள். “தும்முனா உள்ள இருக்கவரு துபாஷி இல்ல, பந்து” என்றாள். மதுமிதா அந்த நொடியே அவளுக்கு அடிமையாகிவிட்டாள். அடுத்த அறையில் துபாஷியின் எழுதுமேசை. திருவேங்கடம் என்ற அந்த மனிதர் ஒல்லாந்தரிடம் அவர்கள் மொழியிலும், ஆங்கிலேயரிடம் அவர்கள் மொழியிலும், அரண்மனைக்காரர்களிடம் தெலுங்கிலும், துறைமுகத்துக் கூலிகளிடம் தமிழிலும் பேசினாராம். மேசைமேல் மூன்று மைக்கூடுகள், மொழிக்கு ஒன்று. தமிழுக்கு மைக்கூடு இல்லை. கூலியிடம் பேசத்தானே வேண்டும், எழுத வேண்டியதில்லை. தர்ஷினி மூன்று மைக்கூடுகளையும் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். சுவரிலிருந்த கடிகாரம் ஓடாதது, காட்சிக்கு வைத்தது, எட்டேகாலிலேயே நின்றுவிட்ட பாக்கியசாலி. ஓடுகிற நேரம் கஸ்தூரியின் கைப்பேசியில் இருந்தது: மூன்று இருபத்திரண்டு. “வரைஞ்சது போதும்டி, மேல போவோம், மேலதான் முக்கியம்.” “ஏம்மா பறக்கற, பஸ்ஸா கிளம்பப்போவுது?” தலைநிமிராமல் கேட்டாள் தர்ஷினி. பறப்பதை மறைக்க கஸ்தூரி தூணைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். எவ்வளவு நல்ல வீடு. வேலை செய்த பதினொரு மாதமும் இந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. சட்டி பார்த்தாள், சல்லடை பார்த்தாள், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள், சாரத்தின் முடிச்சுகளைப் பார்த்தாள். சாரம் இல்லாத வீடு இப்படியா இருந்தது? தேக்குத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் முற்றத்து வெளிச்சத்தில் முடிந்தன. கடற்காற்று முன்வாசலில் நுழைந்து எந்த இடத்திலும் முட்டாமல் பின்வாசலில் வெளியேறியது. எவனோ ஒருவன் இருநூறு ஆண்டுக்கு முன்பு காற்று எப்படி நடக்கும் என்று யோசித்து அதற்கு வழிவிட்டுக் கட்டியிருக்கிறான். அவன் பேரும் கல்லில் இல்லை. அந்த எவனோ ஒருவன்மீது அவளுக்கு அளவில்லாத மரியாதை வந்தது. கூடவே, அவன் வீட்டில் போய் ஒட்டு விழவைத்தோமே என்று ஒரு கூச்சமும்.

முற்றத்தைக் கடக்கும்போது பெனாசிர் சுவர்ப்பூச்சைப் பற்றி ஆரம்பித்தாள்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. “எத்தன முட்டைன்னு நெனக்கிறீங்க? ஆயிரக்கணக்குல!” மதுமிதா நடப்பதை நிறுத்தினாள். முகத்தில் ஒரு பெரிய புரிதல் உதித்தது. “அம்மா! இந்தச் சுவத்துக்கா வெள்ளைய எல்லாம் குடுத்த? அதனாலதான் நமக்கு மஞ்சளா?” பெனாசிருக்குப் புரியவில்லை. கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. மதியம் முட்டை உடைக்கிற வேலை ஏழு பேருக்கும். வெள்ளை சுவருக்கு, மஞ்சள் தூக்குவாளியில் வீட்டுக்கு. மஞ்சள்கரு குழம்பு, மஞ்சள்கரு பொரியல், சோற்றில் பிசைந்த மஞ்சள்கரு. மூன்றாவது மாதம் தர்ஷினி தட்டைத் தள்ளி, கண்ணை மூடினாலும் மஞ்சளாகத் தெரிகிறது என்று அழுதாள். “அக்கா, எங்கம்மா தேச்ச சுவரு” என்று மதுமிதா பெனாசிரின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “சும்மாயிரு மது” என்றாள் தர்ஷினி, பல்லுக்கிடையில். அந்தச் ‘சும்மாயிரு’ கஸ்தூரியை ஊசியாய், ஏற்கெனவே குத்திய இடத்திலேயே போய்க் குத்தியது. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்று கேட்ட இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று தர்ஷினி எழுதியதை அவள் பார்த்திருக்கிறாள். எட்டாவதுவரை படித்தவளுக்கு அந்தச் சொல் வாசிக்க முடியாத சொல் அல்ல. அரசி! விடிந்தால் சும்மாடும் சட்டியுமாகக் கிளம்புகிற அரசி. கோபம் வரவில்லை, வந்திருந்தால் இறங்கியிருக்கும். கோபத்துக்குப் பதிலாக அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அதில் ரேகை இல்லை. சுண்ணாம்பு தின்றுவிட்டது. ரேசன் கடை இயந்திரத்தில் வைத்தால் ‘மீண்டும் முயல்க’ என்று வரும். மீண்டும் முயன்றால் மீண்டும் அதுவே வரும். கடைசியில் தர்ஷினி வந்து தன் விரலை வைக்க வேண்டும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க. அரசுக் கணக்கில் கஸ்தூரி என்று ஒருத்தி இருப்பதற்கு அடையாளம் மகளின் விரலில் இருக்கிறது. அவளுடைய ரேகைகள் எல்லாம் மாடியில், வடக்குச் சுவரில். மூன்று நாற்பத்தொன்று.

படி ஏறினாள். பதினெட்டுப் படி, ஏழாவது படியின் ஓரம் சில்லு பெயர்ந்தது, அது இன்னும் அப்படியே. கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. அந்த நாளும் நினைவிருந்தது, அதை நினைக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டாள், ஒவ்வொரு படியிலும் அது அவளுக்கு முன்னால் ஏறிப்போனது. சாரத்தில் ஏழு பேர், ஆளுக்கு இரண்டு கைவீச்சு அகலம். மேஸ்திரி கரணையால் கடைசிப் பூச்சை இழுத்துவிட்டுப் போவார், அந்த ஈரம் செத்துப்போகும் முன்பு கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். கரணை ஆணின் கையில்தான் இருக்கும். முப்பது ஆண்டு வேலை செய்தாலும் சித்தாளின் கைக்கு அது வராது, சித்தாளாகச் சேர்ந்தவள் சித்தாளாகவே முதுகு வளைவாள். ஆனால் தேய்ப்பது வெறும் தேய்ப்புத்தானே, பாத்திரம் தேய்ப்பதுபோல, அது பொம்பளை வேலை என்று கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களுக்குத் தெரியாது, மினுக்கம் முழுவதும் அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது என்று. சாரத்தில் ஏறிவிட்டால் இறங்கக் கூடாது. தண்ணீர் மேலேயே வரும், அடக்க வேண்டியதை அடக்கிக்கொள்ள வேண்டும். உன் ஈரத்தின் ஓரமும் பக்கத்துக்காரி ஈரத்தின் ஓரமும் ஒன்றிலொன்று கரைய வேண்டும். ஓரம் காய்ந்தபின் ஈரத்தைச் சேர்த்தால் அங்கே கோடு நிற்கும், அதுதான் ஒட்டு, அதற்குப் பிறகு நீ கண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் போகாது. இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தாள், அவளுடைய அகலத்தில் பாதி முடிந்திருந்தது, கல்லுக்கடியில் சுவர் பால்போல் வழுக்க ஆரம்பித்திருந்தது. அந்த வழுக்கலைச் சொல்லத் தெரியாது அவளுக்கு; உள்ளங்கை முதலில் அறியும், பிறகு தோள் அறியும், பிறகு வாய் தானாகச் சிரிக்கும். அப்போதுதான் கீழே பைக்குள் கைப்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மணல் அள்ள வந்த ஆள் ஒருவன் எடுத்துப் பார்த்து, “ஏக்கா, பள்ளிக்கூடம்னு வருது” என்றான். பள்ளிக்கூடம் என்றால் என்ன? விழுந்துவிட்டாளா, மயங்கிவிட்டாளா, காய்ச்சலா, வேன் மோதியதா. இறங்கிவிட்டாள். “ஏ கஸ்தூரி, ஓரம் காயுதுடி!” பாப்பாத்தி மேலிருந்து கத்தினாள், அவள் கை தன் ஈரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது, எட்டவில்லை. கைப்பேசியில் தர்ஷினியின் குரல், வகுப்பாசிரியையின் போனிலிருந்து, அடக்கிய குரல்: “அம்மா, நாளைக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங். நீ வராத. சித்திய அனுப்பு.” “ஏன்டி?” “நீ வந்தா சுண்ணாம்பு வாட அடிக்கும்.” அவ்வளவுதான். யாரும் விழவில்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். உடனே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மாடிப்படிக்கடியில், இருட்டில், தன் கையை முகர்ந்துகொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு பாப்பாத்தி சொன்னாள்: பன்னிரண்டு நிமிடம். “நீ செத்துட்டியோன்னு பாத்தேன்டி பாவி.”

ஏறியபோது ஓரம் காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டாள், தேய்த்தாள், வெள்ளைக்கருவை விரலால் தடவித் தேய்த்தாள், தன் எச்சிலைத் தொட்டுக்கூடத் தேய்த்தாள். கோடு மங்கியது, போகவில்லை. தேய்த்துமுடித்த சுவர் மூன்று நாள் வியர்க்கும், வியர்வையைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கறை நின்றுவிடும். அந்த மூன்று நாளும் மற்றவர்கள் தங்கள் தங்கள் பங்கை ஒற்றினார்கள், கஸ்தூரி அந்தக் கோட்டை மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோல் துடைத்தாள். மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து காலை வெளிச்சத்தில் பார்த்து, “நல்லா வந்துருக்கு” என்றார். ஏழு பேரும் பெருமூச்சு விட்டார்கள், ஆறு பேர் நிம்மதியில்.

பதினெட்டாவது படி. கூடம். மூன்று ஐம்பத்தெட்டு. “ஐயோ!” என்றாள் மதுமிதா, அது வாய் தன்னால் திறந்துகொண்ட சத்தம், வேறு சொல் கிடைக்கவில்லை. வடக்குச் சுவர் கூடத்தின் நீளம் முழுவதும் ஒரே வெண்மையாகப் போனது, சுண்ணாம்பின் வெறும் வெண்மை அல்ல, உள்ளே விளக்கு வைத்ததுபோன்ற ஆழமான வெண்மை. அதில் எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள் ஆறும் நின்றன, ஜன்னல்களில் வானம் நின்றது, நடக்க நடக்க நான்கு நிழலுருவங்கள் கூடவே நடந்தன. தர்ஷினி தன் உருவம் நடப்பதைப் பார்த்து நின்றாள், ஒரு அடி பின்னே போனாள், மறுபடி முன்னே வந்தாள். “கண்ணாடி ஒட்டியிருக்கா?” என்று பெனாசிரைக் கேட்டாள். “கண்ணாடி இல்லம்மா, சுண்ணாம்புதான், கிட்டப் போய்ப் பாரு, தொடாதே.” தொடாதே! கஸ்தூரிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கடவுளே, நல்லா வந்திருக்கிறது. நிஜமாகவே நல்லா வந்திருக்கிறது. பெருமை என்பது இப்படித்தான் இருக்குமா? இப்போது சொல்லிவிட வேண்டும், இந்த நிமிடம், தர்ஷினி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே, இது அம்மா தேய்த்தது என்று. வாயைத் திறந்தாள். அதற்குள் மேற்கு ஜன்னலில் வெயில் ஒரு விரற்கடை இறங்கியது.

எழுந்துவந்தது. மூன்றாவது ஜன்னலுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்திலிருந்து தரைவரை, ஒரு கோடு. நேராகவும் இல்லை, கோணலாகவும் இல்லை, கை நின்ற இடத்தில் நின்று, தயங்கிய இடத்தில் தயங்கிய கோடு. இடப்பக்கம் ஒரு மினுக்கம், வலப்பக்கம் அதைவிட ஒரு மாற்றுக் குறைந்த மினுக்கம். போதாக்குறைக்கு அதன் அருகே பித்தளைத் தண்டு ஒன்றை நட்டு, அதில் கண்ணாடிப் பலகை ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். அய்யய்யோ, குற்றத்தை எழுதியே வைத்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, ‘இவ்விடத்தில் கஸ்தூரி என்ற சித்தாள் வேலையை விட்டு இறங்கினாள்’ என்றுதான் அந்தப் பலகையில் இருக்கும் என்று ஒரு முழு நிமிடம் நம்பினாள். தர்ஷினி போய் உரக்கப் படித்தாள்: “இக்கோட்டுக்கு இடப்புறம் இருப்பது இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட மூலப் பூச்சு. வலப்புறம் இருப்பது அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க.” பெனாசிர் இந்த இடத்துக்காகவே காத்திருந்தவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். “இந்த வீட்லயே எனக்குப் பிடிச்ச எடம் இதுதான். நல்லா பாருங்க. பழைய ஆளுங்க வேல எப்படி வழவழன்னு இருக்கு. இந்தப் பக்கம் இப்ப செஞ்சது. மெஷினு, வண்டி, எல்லாம் இருந்தும் அந்தக் கை வரலை பாத்தீங்களா?”

கஸ்தூரிக்கு மெல்லக் கணக்குப் புரிந்தது. பழைய பூச்சில் ஒரு முழம் மிச்சம் வைக்கச் சொல்லிக் கட்டடக் கலைஞர் எழுதிக்கொடுத்தது உண்மைதான். அது எதிரே, தெற்குச் சுவரில். மின்கம்பிக்காரர்கள் துளை போட்டபோது பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த இருநூற்று முப்பது ஆண்டையும் துடைப்பத்தால் கூட்டிச் சட்டியில் அள்ளிப் பின்பக்கம் கொட்டியவள் கஸ்தூரி. மூச்சு விடாதே என்று சொல்லி அந்த இடத்தை அன்று மாலையே பூசி மறைத்தவர் மேஸ்திரி. பின்னால் வந்த அருங்காட்சியகத்துக்காரர்கள் எந்தச் சுவர் என்று சொல்லாமல் தாளில் எழுதியிருந்த கோட்டைத் தேடியிருக்கிறார்கள். படித்தவர்கள், கோடு இருக்கும் என்று தாள் சொன்னால் கோட்டைக் கண்டுபிடிக்காமல் ஓயமாட்டார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள். இடப்பக்கம் பழைய ஆளுங்க வேலை. எந்தப் பழைய ஆள்? இடப்பக்கம் போன் வருவதற்கு முன்பு. வலப்பக்கம் போன் வந்த பின்பு. அவ்வளவுதான் இரண்டு காலமும். சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சுவரில் தலையைச் சாய்த்து அழ வேண்டும்போலும் இருந்தது. தப்பித்துவிட்டாள். ஒட்டு இனி ஒட்டு அல்ல, சரித்திரம். பித்தளைத் தண்டு நட்டுக் காவல் வைத்த சரித்திரம். மேஸ்திரியே வந்தாலும் ஒரு வார்த்தை பேச முடியாது. வாயை மூடிக்கொண்டு இறங்கினால் போதும், எந்தக் காலத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு வருடத்துப் பயம் இன்றோடு தீர்ந்தது. தர்ஷினி நோட்டில் பலகையின் வாசகத்தை எழுத ஆரம்பித்திருந்தாள், வரி பிசகாமல். எழுதட்டும். எழுதிவிட்டால் போகலாம். அவள் எழுதுவதை கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள், ‘பழங்காலத் தொழிலாளரின் ஒப்பற்ற திறமை’ என்று ஒரு வரியை மகள் தானாகவே சேர்த்துக்கொண்டாள், நல்ல கையெழுத்து. ஒப்பற்ற திறமை. சித்திக்கு அந்தக் கையெழுத்து வராது.

எழுதுவதை நிறுத்தி தர்ஷினி நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வழிகாட்டிக்குக் கேட்காதபடி கிட்டே வந்தாள். “அம்மா, நீ தேச்சது எந்தப் பக்கம்? இந்தப் புதுப் பக்கமா?” வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. பதில் வருவதற்குள் அவளே அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். “பரவால்லம்மா. இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

பரவாயில்லை என்ற அந்தச் சொல்லைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மகள் அன்போடுதான் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. வாடை அடிக்கும் என்று சொன்னதைக்கூடத் தாங்கிச் சுவரில் ஏற்றிவிட்டாள், இந்த ஆறுதலை எங்கே கொண்டுபோய்த் தேய்ப்பது? “ரெண்டு பக்கமும் நான்தான்டி தேச்சேன்” என்றாள் கஸ்தூரி. சத்தமாகவே வந்துவிட்டது. பெனாசிர் திரும்பினாள். “அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கைவீச்சு, அந்தப் பக்கம் ஒரு கைவீச்சு, ரெண்டும் என்னுது. மிச்சம் பாப்பாத்தி, அஞ்சுகம்னு ஆறு பேரு. இதுல பழசு ஒரு கடுகளவுகூட கெடையாது. பழச நான்தான் கூட்டி அள்ளினேன்.” “அக்கா, பலகையில அப்படித்தானே போட்டிருக்கு” என்றாள் பெனாசிர், பாவம், அவளுடைய பிடித்த இடம் அவள் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. “போட்டவங்க சாரத்துல இருந்தாங்களா தங்கச்சி?” தர்ஷினி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நடுவுல ஏன் கோடு?” கேட்டாள். பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது: மழை வந்தது, சுண்ணாம்பு தீர்ந்தது, கை வலித்தது. “கீழ எறங்கினேன். எறங்கக் கூடாது. போன் வந்துச்சு, பள்ளிக்கூடத்துலேர்ந்து, ஒனக்கு என்னமோ ஏதோன்னு எறங்கினேன். பேசி முடிச்சும் ஒடனே ஏறல. பன்னெண்டு நிமிஷம். ஓரம் காஞ்சுபோச்சு. எறங்கினது என் தப்பு, ஒன் தப்பு இல்ல.” கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் பெண்ணுக்குப் புரிந்திருக்காது, சொன்னதால் புரிந்துவிட்டது. தர்ஷினியின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. பதினொரு வயதில் தான் சொன்ன ஒரு வரி ஆள் உயரத்துக்குச் சுவரில் நின்றுகொண்டிருப்பதை அவள் பார்த்தாள். வெயில் இன்னொரு விரற்கடை இறங்கி அதை இன்னும் தெளிவாக்கியது. அவள் அழுவாள் என்று கஸ்தூரி பயந்தாள். கோபப்படுவாள் என்றும் பயந்தாள். இங்கே வைத்து ஏன் சொன்னேன், வீட்டில் சொல்லியிருக்கலாமே, சொல்லாமலே இருந்திருக்கலாமே, நன்றாக இருந்த சுவர், நன்றாக இருந்த பிற்பகல்.

தர்ஷினி அழவில்லை. பெனாசிர் தடுக்கும் முன்பு சுவருக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கடியில் குனிந்து போய், கோட்டின்மேல் மூக்கை வைத்து முகர்ந்தாள். நன்றாக மூச்சிழுத்து முகர்ந்தாள். “வாடையே இல்லம்மா” என்றாள். “எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு” என்று மதுமிதாவும் நுழைந்து முகர்ந்து, “முட்ட வாட அடிக்குது” என்று அறிவித்தாள். பெனாசிர் ‘மேனேஜர் சார் பாத்தா’ என்று ஆரம்பித்து, முடிக்காமல், தானும் ஒரு அடி கிட்டே போய்க் கோட்டை வேறு கண்ணால் பார்த்தாள். “நெஜமாவாக்கா? ரெண்டும் ஒரே கையா?” தர்ஷினி நோட்டைப் பிரித்து, எழுதியதன் குறுக்கே அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தாள், கிழித்தெறியவில்லை, படிக்கமுடியாதபடி அடிக்கவும் இல்லை, குறுக்கே ஒரு கோடு. “மத்த ஆறு பேரு பேரு சொல்லு.” கஸ்தூரி சொன்னாள்: பாப்பாத்தி, அஞ்சுகம், செல்லக்கிளி, கமலவேணி, மேரிபுஷ்பம், இன்னொருத்தி ராணி, நெட்டை ராணி என்று எழுது, ஊரில் ராணிகள் அதிகம். தர்ஷினி எழுதினாள். ஏழாவது பெயரைக் கேட்காமலே எழுதினாள். அதற்குக் கீழே, ‘நடுவில் பன்னிரண்டு நிமிடம் வேலை நின்றது, நிறுத்தியது நான்’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டாள். அதைத் தலைகீழாக இருந்தபடியே கஸ்தூரி படித்தாள். மேற்கு ஜன்னலில் வெயில் செம்மை தட்டியது, சுவர் முழுவதும் அந்த நிறத்தை வாங்கிக்கொண்டு எரிந்தது, கோடும் சேர்ந்து எரிந்தது. ஐந்து மணிக்கு மூடுகிறோம் என்று கீழேயிருந்து யாரோ குரல் கொடுக்கும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

கட்டுரைக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கிடைத்தது. ‘தகவல் பிழை, காட்சிப் பலகையைப் பார்க்கவும்’ என்றும் ‘இத்தனை பெயர்கள் தேவையில்லை’ என்றும் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். தர்ஷினி திருத்தவில்லை. பலகை இன்னும் அந்த இடத்திலேயே இருக்கிறது. பெனாசிர் அங்கே வேலையில் இருந்த ஒன்றரை ஆண்டும் அதைப் படிக்காமல் வேறொன்றைச் சொன்னாள், அவளுக்குப் பின் வந்தவர்கள் பலகையைப் படிக்கிறார்கள். கஸ்தூரி அதற்குப் பிறகு ஆறு ஆண்டு சித்தாளாகவே வேலை செய்தாள். கரணையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. நாற்பத்து நான்காம் வயதில் இடது முழங்கால் சாரம் ஏற மறுத்துவிட்டது. இப்போது அவள் வேளாங்கண்ணி சாலையில் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கிறாள்.